வெயிலில் வைத்த வெள்ளித் தண்ணி

மகா சனங்களுக்கு இத்தால் அறியத் தருவது யாதெனில்: மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இதுகாலவரை சேவையாற்றிவந்த பேய் பிசாசுகள் யாவும் இரவு உத்தியோகமே பார்த்துவந்தன. இருட்டுப்பட வேலைக்கு வருவதும் கோழி கூவக் கலைந்துபோவதும் அவற்றின் ஒழுங்கு. அந்த ஒழுங்கை முதன்முதலாக மீறி, பட்டப்பகலில், உச்சி வெயிலில், நிழலுக்கும் ஒதுங்காமல் வேலை செய்த ஒரு பேயைப் பற்றிய அதிமுக்கிய அறிவித்தல் இது. கரண்ட் வரும்வரை வேறு அலுவல் இல்லாதவர்கள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வரலாம். போன் வெளிச்சங்களை அணைத்துவிடுங்கள். பூச்சி வரும்.

நடந்தது தெரியாத ஆளுக்கு அல்ல. அந்தா, மூலைக் கதிரையில் பேப்பரால் விசிறிக்கொண்டிருக்கிறாரே நௌஷாட் காக்கா, அவரோடு கட்டாரில் ஒரே அறையில் இருந்தவனின் அத்தானுக்கு. பெயர் கோணாமலை. பொய் என்று நினைப்பவர்கள் காக்காவையே கேட்கலாம். காத்தான்குடியில் அவருடைய கராஜுக்குப் பற்றரித் தண்ணி வாங்க வருபவர்கள் எல்லாரும் அதைப் பற்றரிக்குத்தான் ஊற்றினார்கள். அதில் படம் எடுத்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் கோணாமலை.

நேரம் பகல் பன்னிரண்டரை. கல்லடியில், பெரிய றோட்டிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் மணல் பாதை. ஒரு குருவிகூட இல்லை. நாய்கள் வேலிக்குக் கீழே குழி தோண்டிப் படுத்துவிட்டன. காற்று நின்றிருந்தது… வாவியிலிருந்து சேற்று மணம்… கண்டல் பற்றைக்குள் நண்டு ஓடுகிற சத்தம் மட்டும், சர்… சர்… அந்தப் பாதையில் கோணாமலை தனியாக வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு கான் பற்றரித் தண்ணி. தூரத்தில் அவர் வீட்டுப் பின்மதில். மதில்மேல், வெயிலில், காலையில் அவர் வைத்துவிட்டுப் போன கண்ணாடிப் போத்தல்.

அது திரும்பியது.

விழவில்லை. ஆடவில்லை. யாரோ கழுத்தில் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பி வைத்ததுபோல… மெல்லத் திரும்பி நின்றது. பிறகு ஒரு சத்தம். டிங்… டிங்.

மதிலடியில் ஆள் இல்லை.

போத்தல் அப்படியே நிற்கட்டும். அதற்குள் இருந்தது என்ன, அது யாருடையது என்று தெரியாமல் பயப்படுவது முறையல்ல.

இன்றைக்குப் போனைத் தூக்கி ஒரு விரலால் தொட்டால் படம். கோணாமலை எடுக்கும் ஈரத்தகட்டுப் படம் அப்படியல்ல. ஒரு கண்ணாடித் துண்டில் ஈதரில் கரைத்த கொலோடியன் என்ற பிசினை ஊற்றிப் பரவவிட்டு, அதை வெள்ளித் தண்ணிக்குள் முக்கி, ஈரம் காய்வதற்குள் பெட்டிக் கமராவில் பூட்டி, எதிரே இருப்பவரை ஆறு செக்கன் அசையாதே என்று சொல்லி, கமராவின் மூடியைக் கழற்றி, திரும்ப மூடி, இருட்டறைக்கு ஓடிப்போய்க் கழுவ வேண்டும். நூற்றைம்பது வருசத்துக்கு முன் வெள்ளைக்காரன் இப்படித்தான் எடுத்தான், வேறு வழி தெரியாததால். வேறு வழி தெரிந்தும் இப்படி எடுப்பவரைக் கலைஞர் என்பார்கள். கோணாமலை அப்படிப்பட்ட கலைஞர். கல்யாணப் பொம்பிளைகளும் கடற்கரை பார்க்க வரும் வெள்ளைக்காரரும் அவரிடம் வருவார்கள். வீட்டு வாசலில் பலகை தொங்கியது: ‘கலைஞர் கோணாமலை. கிழக்கிலங்கையின் ஒரேயொரு ஈரத்தகட்டு நிழற்பட மேதை.’

பலகையில் ஒரு சின்னப் பிழை இருந்தது. இரண்டு தெரு தள்ளி மதுரன் இருந்தான்.

மதுரனும் அதே வேலைதான். இரண்டு பேரும் ஒரே வீடியோக்களைப் பார்த்து, ஒரே நாளில் தொடங்கியவர்கள். கோணாமலை குட்டை, முன்னால் வயிறு. மதுரன் உயரம், கொடிக் கம்புபோல. ஈதர் மணத்தில் தலையிடிக்கிறது என்று எந்த நேரமும் வாயில் கிராம்பு அடக்கியிருப்பான். அவனுக்கும் தலைக்கனத்தில் குறையில்லை. ஆனால் அவனுடைய தலைக்கனம் முழுவதும் ஒரு போத்தலைப் பற்றியது. அந்தப் போத்தலில் அவனுடைய வெள்ளித் தண்ணி இருந்தது.

வெள்ளித் தண்ணி பார்வைக்குச் சாதாரணத் தண்ணி. வெள்ளி உப்பு கரைத்தது. ஒவ்வொரு தகட்டை முக்கும்போதும் அது கொஞ்சம் வெள்ளியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் ஈதரையும் தூசையும் வாங்கிக்கொள்ளும். போகப் போகக் களைத்துவிடும். பிறகு எடுக்கிற முகமெல்லாம் புகைக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, கண்ணாடிப் போத்தலில் உச்சி வெயிலுக்கு வைக்க வேண்டும். உள்ளே கிடக்கிற அழுக்குக் கறுத்து அடியில் படியும். வடிதாளில் வடித்து, குறைந்த வெள்ளியைச் சேர்த்து, ஒரு துளி அசிற் விட்டால் மறுபடியும் தெளியும். விரலில் பட்டால் கறுக்கும். கிழமைக் கணக்கில் போகாது. பத்தியம் ஒன்றுதான்: உப்புப் படக்கூடாது. பட்டால் அந்த இடத்திலேயே பால்போல வெளுத்துத் திரண்டுவிடும். கல்லடியில் உப்பில்லாத கிணறு எது? அதனால்தான் வடித்தெடுத்த, உப்பில்லாத பற்றரித் தண்ணி.

கோணாமலைக்கு அவசரம். பற்றரித் தண்ணி முடிந்த ஒரு நாள் கிணற்றுத் தண்ணியை விட்டார். பால்தேத்தண்ணி வந்தது. இன்னொரு நாள் வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோய்க் கோயிலுக்குப் போனார். மதுரன் அப்படியல்ல. போத்தலுக்குப் பக்கத்திலேயே இருந்து, எல்லாப் பக்கமும் வெயில் படும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவான். கடைசிச் சொட்டும் வீணாகாமல் கண்ணாடி மூடியைப் போத்தல் கழுத்தில் இரண்டு தரம் தட்டி மூடுவான். டிங், டிங். தெருவில் போகிறவர்களுக்கே கேட்கும். கோணாமலைக்கு வீட்டில் இருந்தும் கேட்டது. அவர் வீடு இரண்டு தெரு தள்ளி என்பது வேறு விசயம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் தொழில் பொறாமை. நிற்கவில்லை.

கோணாமலையின் மனைவி சுலோஜனா. அவருடைய வெள்ளித் தண்ணி களைத்துக் கிடந்த ஒரு காலத்தில், கல்யாண நாளுக்கு ஒரு படம் வேண்டும் என்று அவள் கேட்க, ‘போய் மதுரனிட்ட எடு’ என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அவள் போனாள். எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலுக்கு நேரே, சுவரில், அந்தப் படம் தொங்கியது. அதில் சுலோஜனா சிரிக்கவில்லை. சிரிக்கப்போகிறாள். உதட்டின் ஒரு ஓரத்தில் சிரிப்பு வந்து நின்று, வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருசத்தில் கோணாமலை அந்தச் சிரிப்பை நேரில் கண்டதில்லை.

வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். ‘நல்ல படம். நீங்க எடுத்ததா?’ என்று கேட்டார்கள். மேதையின் வீட்டில், மேதையின் வாயால், ஒவ்வொரு தரமும் மதுரனின் பெயர் சொல்ல வேண்டியிருந்தது.

“அவன் என்ன சொன்னவன், நீ சிரிக்க?” என்று ஒரு நாள் கேட்டார்.

“மதுரன் அண்ணன் ஒண்டும் சொல்லல்ல.”

“ஒண்டும் சொல்லாம சிரிப்பு வருமா?”

“மூச்சப் பிடிச்சிட்டு அசையாம இரு எண்டா சிரிப்பு வராதா?”

“நானும்தான் இருத்தி எடுத்தன். அப்ப ஏன் வரல்ல?”

“நீங்க பொலிஸ்காரன் மாதிரி நிண்டீங்க,” என்றாள் சுலோஜனா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு.

அவள் மதுரனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். கலைஞர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. நெடுநாள் யோசித்துக் கோணாமலை ஒரு முடிவுக்கு வந்தார். அந்தச் சிரிப்பில் மதுரனுக்குப் பங்கில்லை. அது போத்தலில் இருந்த வெள்ளித் தண்ணியின் குணம். அந்தத் தண்ணி தன்னிடம் இருந்தால், அதே பெண்ணை, அதேமாதிரி ஒரு கதிரையில் இருத்தி, அதைவிட நல்ல படம் எடுக்கலாம். பிறகு பழையதைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைக்கலாம். அவருக்கு உலகத்தில் வேண்டியது அவ்வளவுதான்.

பிறகு மதுரன் டெங்கில் செத்தான்.

செத்த வீட்டில் கோணாமலை விம்மி விம்மி அழுதார். அதில் பொய்யில்லை. வாசல் பலகையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக உண்மை பேசியது.

எட்டாம் நாள். எட்டுச் செலவுக்குச் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பார்கள், அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. மதுரனுக்கு இறால் பொரியலும் பிட்டும் வைத்தார்கள். ஒரு பிடி கிராம்பு வைத்தார்கள். தாய் அன்னப்பூரணிக்கு மனம் ஆறவில்லை. கோணாமலையைக் கூப்பிட்டார்.

“தம்பி, பெத்த என்னவிட அவன் அந்தப் போத்தலத்தான் நல்லாப் பாத்தவன். படைக்கக்குள்ள அதையும் பக்கத்தில வைக்கணும். மருந்துச் சாமான், எனக்குத் தொடப் பயம். நீங்க எடுத்துத் தாங்க மனே.”

“நான் எடுத்து வைக்கிறன் மாமி. நீங்க அழாம இருங்க,” என்றார் கோணாமலை.

இருட்டறைக்குள் போனார். ஈதர் மணமும் கிராம்பு மணமும் இன்னும் போகவில்லை. தட்டில் போத்தல். கீழே ஒரு கான் பற்றரித் தண்ணி. இரண்டும் ஒரே நிறம். சனங்களே, ஒரு மனிதன் வாழ்க்கையில் தவறு செய்ய இதைவிட வசதியான இடம் அமையாது. வெள்ளித் தண்ணியைத் தன் போத்தலுக்கு மாற்றினார். மதுரனின் போத்தலில் பற்றரித் தண்ணியை நிரப்பினார். கண்ணாடி மூடியால் மூடினார். தட்டவில்லை. பயபக்தியோடு கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

கதவைச் சாத்தினார்கள்.

“பொறு, பொறு,” என்று இந்த இடத்தில் நௌஷாட் காக்கா விசிறுவதை நிறுத்துவது வழக்கம். இன்றைக்கும் நிறுத்திவிட்டார். “அப்ப மௌத்தானவனுக்குக் குடிக்க வச்சது என்ட கடைத் தண்ணியா?”

“ஓம் காக்கா.”

“அது ரெண்டு தரம் வடிச்ச தண்ணி. குறை சொல்ல ஏலாது,” என்றார் காக்கா. திரும்பவும் விசிறினார்.

பிறகு படையலில் கொஞ்சத்தை வாவிக் கரைக்குக் கொண்டுபோய் வைத்து விளக்கேற்றினார்கள். அன்னப்பூரணி போத்தலைத் திறந்து, மகனின் பெயரைச் சொல்லித் தண்ணியை வாவிக்குள் ஊற்றினார். தண்ணி தண்ணியோடு சேர்ந்தது. அவ்வளவுதான். உண்மையான வெள்ளித் தண்ணி என்றால் வாவியின் உப்பில் பட்டதும் பால்போல வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை. அதைக் கவனிக்கக்கூடியவர்கள் அந்தக் கரையில் இரண்டு பேர். ஒருவர் கோணாமலை. மற்றவருக்குத்தான் படையல்.

இனி மதிலுக்கு வரலாம். போத்தல் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

திருடிய தண்ணியைக் கோணாமலை முதன்முதலாக வெயிலுக்கு வைத்த நாள் அது. பாதையில் இருந்து ஓடிவந்து பார்த்தார். மதில் சுட்டது. போத்தலின் கழுத்து மட்டும் குளிர்ந்திருந்தது. அடியில் அழுக்குக் கரிபோலப் படிந்து, மேலே தண்ணி பளிங்காக நின்றது. ஒரு நாளில் இப்படித் தெளிந்து அவர் கண்டதில்லை. அவருக்குப் பிடிபடாதது சத்தம்தான். டிங் டிங் என்றால் கண்ணாடியில் கண்ணாடி தட்ட வேண்டும். அவருடைய போத்தலுக்குப் பிளாஸ்ரிக் மூடி.

மறுநாள், வடிக்கலாம் என்று இருட்டறைக்குள் போனார். வடிந்திருந்தது. புனலில் வடிதாள் ஈரமாகக் கிடந்தது. விசிறிபோல நெருக்கமாக மடித்த வடிதாள். கோணாமலைக்கு அப்படி மடிக்கப் பொறுமை கிடையாது. நாலாக மடித்துத் திணிப்பார். விசிறி மடிப்பு மதுரனுடையது. அறைக்குள் மெல்லிசாக… கிராம்பு.

வேறு ஆள் என்றால் இந்த இடத்தில் கத்திக்கொண்டு றோட்டுக்கு ஓடியிருப்பான். கோணாமலை குசினிக்குப் போனார். அவருக்குப் பேய் என்ற நினைப்பே வரவில்லை. அதைவிடப் பெரிய ஒரு நினைப்பு வந்திருந்தது.

“சுலோ, இந்த மடிப்பு உனக்கு ஆர் பழக்கினது?”

சுலோஜனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “எந்த மடிப்பு?”

“நடிக்காத. மதுரன் உனக்கு மடிக்கக் காட்டித் தந்தவனா? எப்ப? ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“உங்கட மருந்தத் தொட்டா விரல் கறுக்கும். நாளைக்கு மாதர் சங்கக் கூட்டம் எனக்கு. கறுத்த விரலோட போக என்ன விசரா?”

“கையக் காட்டு.”

இரண்டு கையையும் நீட்டினாள். மீன் செதில் ஒட்டியிருந்தது. ஒரு கறுப்பும் இல்லை. கோணாமலை ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு வரைக்கும், பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுத்தம்.

“பாத்து முடிஞ்சா சொல்லுங்க. மீன் நாறப்போகுது,” என்றாள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நடந்தது மனைவியின் கள்ளமல்ல, செத்தவனின் ஆவி செய்த வேலை. கோணாமலைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல முடியாது. நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளித் தண்ணியைப் பற்றிக் கவலைப்படவில்லை. காலையில் மதிலில் வைப்பார். உச்சி வெயிலில் அது தன்பாட்டில் திரும்பும். தெளியும். வடியும். கண்ணாடி மூடி இல்லாமலே கண்ணாடி மூடிச் சத்தம் கேட்கும். சாகும்வரை போட்டிக்கு நின்றவன், செத்த பிறகு தனக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறான் என்று ஒரு திருப்தி. சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு மதில் பக்கம் பார்த்து, “வடிவாத் திருப்பு, மச்சான்,” என்றும் ஒருநாள் சொன்னார். கோணாமலையின் பெருமைக்கு அளவில்லை. பேய் பிடித்தவர்கள் உலகத்தில் பலர். பேயை வேலைக்கு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

போத்தல் மட்டும் ஒரு தரம் கூடுதலாகத் திரும்பியது.

படம் எடுக்கும் நாள் வந்தது. அதே சேலை. அதேமாதிரிக் கதிரை. சுலோஜனாவை ஜன்னலுக்கு எதிரே இருத்தினார். நல்ல வெயில். தகட்டை முக்கி எடுத்து, கமராவில் பூட்டி, மூடியில் கைவைத்தார். பொலிஸ்காரன் என்ற சொல் இன்னும் மனதில் குத்தியதால், முதலில் ஒரு பகிடி சொன்னார். அவள் அதைப் பொறுமையோடு கேட்டு முடித்தாள்.

“முடிஞ்சுதா?”

“ஓம்.”

“அப்ப எடுங்க. உலையில அரிசி.”

மூடியைக் கழற்றினார். ஒன்று… இரண்டு… முகம் மரம்போல இருந்தது. மூன்று… கோணாமலையின் காதுக்குப் பின்னால் மூச்சுக் காற்று ஒன்று பட்டது. கிராம்பு மணம். நாலு… டிங், டிங். மிகக் கிட்ட. ஐந்து… சுலோஜனாவின் உதட்டு ஓரத்தில் அது வந்தது. வந்து நின்றது. வரட்டுமா என்று கேட்டது. ஆறு.

இருட்டறையில் தகட்டின்மேல் மருந்தை ஊற்றும்போது கோணாமலைக்குச் சந்தோசத்தில் பாட்டு வந்தது. கழுவி, காயவைத்து, கறுப்புத் துணிமேல் வைத்தார். படம் எழும்பியது. பழைய படம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. கன்னத்தில் வெயில் பட்ட இடம் கையால் தொடலாம்போல இருந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் ஒரு மயிரிழை முன்னுக்கு வந்திருந்தது.

சுலோஜனா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“மதுரன் அண்ணன் எடுத்தத விட இது நல்லா வந்திருக்கு,” என்றாள்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் சனங்களே, அவர் இத்தனையும் செய்தது. இதோடு அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் கதை முடிந்தது. நீங்களும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மேதைகள் தங்கள் படத்தைப் பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

ஈரத்தகட்டில் ஒரு மயிர்கூடத் தப்பாது. கண்மணியில் எதிரே இருந்தது எல்லாம் விழுந்திருக்கும். கோணாமலை குனிந்து சுலோஜனாவின் வலது கண்ணைப் பார்த்தார். ஜன்னல் தெரிந்தது. நாலு சட்டம். அதற்கு முன்னால் பெட்டிக் கமரா, கடுகளவு. கமராவுக்குப் பக்கத்தில், கழற்றிய மூடியைக் கையில் பிடித்தபடி, ஒரு ஆள்.

உயரம். கொடிக் கம்புபோல.

கோணாமலை தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். திரும்பவும் தகட்டைப் பார்த்தார். இடது கண்ணிலும் அதே கமரா, அதே ஆள். இரண்டு கண்ணிலும் தன்னைத் தேடினார். ஓரத்தில் தேடினார், கதவடியில் தேடினார். அந்த அறையிலேயே அவர் இல்லை.

“நீ ஆரப் பாத்துச் சிரிச்ச?”

“உங்களத்தான்.”

“என்னையா?”

“வேற ஆர் நிண்டது? கமராவுக்குப் பக்கத்தில நீங்கதானே மூடியப் பிடிச்சிட்டு நிண்டீங்க.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “இண்டைக்குப் பொலிஸ்காரன் மாதிரி இல்ல. கனகாலத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்திச்சி.”

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கண்மணிக்குள் இருப்பவனை அவரைத் தவிர எவரும் காணப்போவதில்லை. ஊர் முழுக்க அது கோணாமலை எடுத்த படம் என்றுதான் சொல்லும். திருடிய தண்ணியை வைத்துக்கொள்ள முடிந்த மனிதருக்குத் திருடிய சிரிப்பை வைத்துக்கொள்ள முடியவில்லை. போத்தலைத் தூக்கினார். செருப்பும் போடாமல் பின்வாசலால் இறங்கினார்.

“எங்க போறீங்க? சோறு ஆறப்போகுது,” என்று சுலோஜனா பின்னால் கூப்பிட்டாள்.

அன்னப்பூரணி விளக்கேற்றிய அதே கரை. வெயில் சாய்ந்து, சூரியன் வாவிக்கு மேலே மஞ்சளாக நின்றது. ஒரு தோணிகூட இல்லை. அன்றைக்கு ஊற்றியிருக்க வேண்டியதை இன்றைக்கு ஊற்றிவிட, கோணாமலை தண்ணி ஓரத்துக்குப் போய் மூடியைத் திருகினார். அவசரத்தில் போத்தல் நழுவியது. வாவிக்குள் ஒரு துளியும் போகவில்லை. மொத்தமும் கரையின் ஈர மணலில் சரிந்து பரந்தது. உப்பு ஊறிய மணல். பட்ட இடமெல்லாம் பால்போல வெளுத்தது. ஒரு பாயளவுக்கு வெள்ளை.

காலில் படாமல் இருக்கப் பின்னால் நகர்ந்து, கணுக்காலளவு தண்ணியில் நின்றார். சூரியன் முதுகில். அவருடைய நிழல் முன்னால், அந்த வெள்ளை மணலில் விழுந்திருந்தது. வெள்ளி உப்பு வெயில் கண்டால் கறுக்கும், அவருக்கு அது தெரியும். பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை முதலில் ஊதாவாயிற்று… பிறகு மண்ணிறம்… பிறகு கறுக்கத் தொடங்கியது. அவர் நிழல் விழுந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றது. பருமனாக, வயிற்றோடு.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு இடமும் கறுக்கவில்லை.

அங்கே நிழல் இல்லை. நல்ல வெயில். ஆனாலும் மணல் வெள்ளையாகவே கிடந்தது. நீளமாக. ஒல்லியாக. தோள், கழுத்து, தலை. ஒரு கை மடங்கி, போத்தல் ஒன்றின் கழுத்தைப் பிடித்திருந்தது.

கோணாமலை திரும்பிப் பக்கத்தில் பார்க்கவில்லை. தண்ணியில் அவருடைய கணுக்காலைச் சுற்றி வளையம் போனது. ஒரு முழம் தள்ளி, ஒன்றும் நிற்காத இடத்திலும் வளையம் போனது. கிராம்பு மணம்.

மூச்சிரைக்கச் சுலோஜனா வந்து சேர்ந்தாள். மணலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்ப மணலைப் பார்த்தாள். “என்ன இது, ரெண்டு கிடக்கு?” என்றாள். இந்தக் காலத்து மனிதர் எவரும் செய்வதைச் செய்தாள். பயப்படுவதற்கு முதல் போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள்.

போனின் ‘கிளிக்’ சத்தத்தில் கோணாமலைக்குக் கால் வந்தது. மணலை மிதிக்காமல் சுற்றி ஓடினார். அவர் விலகியதும் அவருடைய வெளுப்பில் வெயில் பட்டது. கொஞ்ச நேரத்தில் கறுத்து, மற்ற மணலோடு மணலாகப் போயிற்று.

மற்றது கறுக்கவில்லை. பொழுது சாயும்வரை வெள்ளையாகவே கிடந்தது.

சுலோஜனா எடுத்த படம் இன்னும் அவள் போனில் இருக்கிறது. கேட்டால் காட்டுவாள்.

மதுரன் தெளிவாக விழுந்திருக்கிறான். கோணாமலை கொஞ்சம் ஆடியிருக்கிறார்.